அக்கினிச் சட்டியும் ஆராய்ச்சிக்கூடத் தலைவரும்

“நேந்துக்கிட்டது நானு. எடுக்க வேண்டியது நீ. அம்புட்டுதான்!” என்று சண்முகத்தாய் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

அவள் மகன் டாக்டர் சங்கையாவுக்கு உள்ளங்கை அப்போதே சுட ஆரம்பித்தது.

“அம்மா, மண்சட்டி. உள்ள நெருப்பு. அதக் கையில ஏந்திக்கிட்டுக் கோயிலச் சுத்தணும்னா…”

“ஒனக்கு அந்த வேல கெடச்சா இருக்கன்குடி ஆத்தாளுக்கு அக்கினிச் சட்டி எடுக்க வைக்கேன்னு நேந்தேன். கெடச்சுச்சா, இல்லியா?”

கிடைத்துவிட்டது. அதுதான் தொல்லை. எந்தப் பொருள் எவ்வளவு சூட்டைக் கடத்தும் என்பதே சங்கையா கரைத்துக் குடித்த படிப்பு. அதற்காகச் சீமைக்கெல்லாம் போய்வந்து, 1964-இல் சர்க்காரின் புது ஆராய்ச்சிக்கூடத்துக்கே தலைவராகிவிட்டார். உழுது பிழைத்த அந்தச் சாத்தூர்ப் பக்கத்துச் சம்சாரி வீட்டில் அதுவரை யாரும் கணக்குப்பிள்ளைகூட ஆனதில்லை.

“மஞ்சத்துணியில சுருட்டுன வேப்பிலயத் தவுத்துக் கையில வேற ஒண்ணும் வைக்கக் கூடாது. என் தலையில கைய வச்சுச் சொல்லு.”

சொன்னார். சொன்ன கையாலேயே போய்ப் பெட்டியைத் திறந்தார். ஆராய்ச்சிக்கூடத்துக் கல்நார் அட்டை உள்ளே இருந்தது. நெருப்பில் எரியாது, சூட்டைக் கடத்தாது என்று அவரே கட்டுரை எழுதி நிரூபித்த சரக்கு. வட்டமாக இரண்டு துண்டு வெட்டி, வேப்பிலைக்கு நடுவில் செருகி, மஞ்சள் துணியில் சுருட்டிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டார்.

போன மாதந்தான், அளக்காத சூட்டை அளந்ததாக எழுதிய ஒரு பையனை, “பொய் சொல்றவனுக்கு இங்கே இடமில்லை” என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார் இந்த மகானுபாவர். அந்தப் பையன் முகம் இப்போது நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கை முக்கியமல்லவா!

மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி. கோயில் வாசலில் சண்முகத்தாய் துணிச்சுருளை மகன் கையில் வைத்து, மேலே சட்டியையும் ஏற்றினாள்.

சுடவில்லை. பொட்டுக்கூடச் சுடவில்லை. அக்கம்பக்கத்தில் சட்டி எடுத்தவர்கள் “ஆத்தா! தாயே!” என்று துடிக்க, சங்கையா காற்று வாங்கப் போகிறவர் மாதிரி நடந்தார். வந்தது வினை.

“ஏலே, மொகத்தப் பாருலே! ஒரு சுளிப்பு இருக்கா? சாமில்லா எறங்கியிருக்கு!” என்றான் ஒருவன்.

ஐயையோ என்று அவசரமாக முகத்தைச் சுளித்துக் கையைக் காலை உதறினார். சாமி ஆடுகிறது என்று பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி தடாலென்று காலில் விழுந்தாள்.

“சாமி, எம் மகளுக்குக் கல்யாணம் கூடுமா?”

ஆளை விட்டால் போதும் என்று, “தையில கூடும்,” என்றார். அவ்வளவுதான், குறி கேட்கப் பெருங்கூட்டமே சேர்ந்துவிட்டது.

ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தால், தம்பி வெள்ளைத்துரை துள்ளிக்கொண்டு ஓடிவந்தான். தாயில்பட்டியில் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவன்.

“அண்ணே, இந்த சீசனுக்குப் பூச்சட்டி டப்பால ஒங்க படந்தான்! ‘அக்கினிச் சட்டி சங்கையா மார்க்’! லேபிள் ஆர்டருக்கு இப்பத்தான் ஆள் அனுப்பினேன்.”

“அடப்பாவி! எந்த ஊருக்குப் போகுது?”

“டெல்லி வரைக்கும் லோடு போகுதுண்ணே!”

ஆராய்ச்சிக்கூடத்தின் மேலதிகாரிகள் அத்தனை பேரும் டெல்லியில்தான் இருந்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அம்மா வந்து அவருடைய உள்ளங்கை இரண்டையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “ஒரு கொப்புளம் இல்ல பாருங்கடி! எம் புள்ளைக்குச் சூதுவாது தெரியாது. அதான் ஆத்தா காப்பாத்திட்டா,” என்று வந்திருந்த பெண்களிடம் சொல்லி அழுதாள்.

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

“அம்மா, ஆத்தா காப்பாத்தல. நான் ஏமாத்திட்டேன். வேப்பிலைக்குள்ள கல்நார் அட்டை வச்சிருந்தேன்.”

வெள்ளைத்துரை லேபிளை நிறுத்தச் சைக்கிளைத் தேடினான். சண்முகத்தாய் மகனுடைய கையை மெல்ல விட்டாள்.

“என் தலையில கைய வச்சுல்லய்யா சொன்ன?”

சங்கையா தலையைக் குனிந்துகொண்டார். சாகும்வரை இந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

“எங்க, அந்த அட்டயக் காட்டு.”

“சுருளோட கோயில்லயே போட்டாச்சும்மா.”

அடுப்படியில் இருந்து வேலைக்காரி மாடத்தி கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“அந்த ரெண்டு வெள்ள அட்டயாய்யா? எல வாடிக் கெடக்கேன்னு காலையில புது எல மாத்தினேன்லா, அப்பவே எடுத்து அடுப்புல போட்டேன். சனியன், இன்னும் எரியவே மாட்டேங்கு!”