கார்த்திகை பிடித்த கை

அந்த ஆண்டு தீபாவளி சீசனில் சிவகாசிப் பக்கம் பட்டாசைவிட வேகமாக விலைபோனது கார்த்திகை நட்சத்திரம்தான். பக்கத்து ஊர்க் கம்பெனியில் வெடி விபத்து நடந்த பயம் அடங்குமுன், மல்லாங்கிணற்றிலிருந்து ஜோதிடர் உக்கிரபாண்டி வந்து இறங்கினார். கார்த்திகையின் சின்னம் தீச்சுடர், அதிபதி அக்கினி; அந்த நட்சத்திரக்காரி கால் வைத்த அறை பற்றும் என்றார். வெடிமருந்தும் உராய்வும் வெயிலும் ஒரு பாவமும் அறியாதவை.

ஜாதகம்கூட வேண்டாமாம். ஒருத்தி தலைக்கு மேல் ஜோதிடர் தம் உள்ளங்கையைக் காட்டினால், சுடர் அவர் கையைச் சுட்டுவிடுமாம். அவரிடம் வேன் வேனாக ஆட்கள் போனார்கள். சுட்டவர்கள் சாந்தி பூஜைக்குக் காசு கொடுத்தார்கள். சுடாதவர்கள் சந்தோஷத்தில் கொடுத்தார்கள்.

காளிராஜ் முதலாளி அவரைத் தம் பட்டாசுக் கம்பெனிக்கே அழைத்தார். பெண்கள் வரிசையில் நிற்க, கண்ணைக் கட்டிக்கொண்ட ஜோதிடரை போர்மேன் பெத்தணன் முழங்கையைப் பிடித்து நடத்தி வந்தார். வேலுத்தாயின் தலைக்கு மேல் ஜோதிடர் கை துடித்தது. அவளுக்குத் தன் நட்சத்திரமே தெரியாது. ஒரே வாசல் உள்ள சின்ன அறைக்குள் இத்தனை பேரை அடைக்கலாமா என்று முந்தின வாரம் பெத்தணனிடம் கேட்டது மட்டும் தெரியும்.

அன்றே வேலை போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி அவள் மடியிலிருந்த தன் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். வேலுத்தாய் அழுதாள், அழுதுகொண்டே யோசித்தாள். ஜோதிடர் கை துடிக்குமுன் பெத்தணனின் கட்டைவிரல் அவர் முழங்கையை அழுத்தியதை அவள் பார்த்திருந்தாள். கூட வேலை பார்த்த மூக்கம்மாளிடம் அதைச் சொன்னாள்.

மீதிப் பெண்களைப் பார்க்க ஜோதிடர் மறுபடி வருகிற அன்று, அவர் வருமுன் மூக்கம்மாள் முதலாளியிடம் போய் நின்றாள்.

“கண்ணக் கட்டுனப்புறம் சாமி கைய நான் புடிக்கேன் மொதலாளி. நெசமான சாமின்னா யாரு புடிச்சா என்ன?”

கொடுத்த காசுக்குச் சரக்கைச் சோதிப்பது காளிராஜுக்கும் பழக்கம்தான். ஜோதிடர் கண்ணைக் கட்டியதும் பெத்தணனைச் சைகையால் ஒதுக்கினார். மூக்கம்மாள் சத்தமில்லாமல் முழங்கையைப் பிடித்து வரிசை முழுவதும் நடத்தினாள். ஒரு தலையும் சுடவில்லை. கடைசியில் தண்ணீர் டிரம் முன்னால் நிறுத்தி, ஓர் அழுத்து.

ஜோதிடரின் கை துடித்தது. “இவ கார்த்திகை. இப்பவே வெளிய அனுப்புங்க. இருந்தா கம்பெனி சாம்பல்.”

காளிராஜ் கண்கட்டை அவிழ்த்தார்.

“டிரம்முக்கு எந்தப் பாதம் சாமி?” என்று கேட்டாள் மூக்கம்மாள்.

டிரம்மைக் கார்த்திகையன்று வாங்கியிருக்கலாம் என்றார் உக்கிரபாண்டி. இருக்கலாமோ என்று வரிசையில் இரண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பெத்தணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலுத்தாயைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தவள், உட்காருமுன் பழைய கேள்வியையே முதலாளியிடம் கேட்டாள். பாதிப் பேர் அடுத்த அறைக்கு மாறினார்கள்.

இனி யாராவது உங்கள் நட்சத்திரம் என்ன என்று கேட்டால், வேலை பார்க்கும் அறைக்கு வாசல் எத்தனை என்று திருப்பிக் கேளுங்கள்.