கருப்பட்டித் தெம்பு

மறுபடியும் சங்கு குளிக்கப் போவதென்று கிளைட்டன் முடிவு கட்டிவிட்டான். வள்ளத்துக்காரர் ரோச் அண்ணாச்சி சம்மதித்துவிட்டார். கடலும் காற்றடங்கிச் சம்மதித்துவிட்டது. பாக்கி, பெண்டாட்டி ஷெர்லின் ஒருத்திதான். அவளைச் சம்மதிக்க வைப்பதற்குக் கடலே தேவலை.

போன மாதம் கடலடியில் சங்குப் பையை இழுத்துக்கொண்டு நீந்தும்போது அவன் தொடைச் சதை கட்டையாகப் பிடித்துக்கொண்டது. கூட இறங்கினவர்கள்தான் மேலே தூக்கிப் போட்டார்கள். அன்றைக்கு மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. ஷெர்லின் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது.

"உங்க தசையில ஒரு குறை இருக்கு. தசை காண்ட்ராக்ட் ஆகணும்னா..." என்று ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தார் டாக்டரம்மா.

"நான் காண்ட்ராக்ட் ஆளு இல்லம்மா. எனக்குப் பங்கு," என்றான் கிளைட்டன் ரோஷமாக.

காண்ட்ராக்ட் என்றால் சுருங்குவது என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். தசை சுருங்கித்தான் எலும்பை இழுக்கும். அவசரத்துக்கென்று தனக்குள்ளேயே சர்க்கரையைச் சேர்த்தும் வைத்திருக்கும். கிளைட்டன் தசையில் அது நிறைய இருக்கிறது. உடைத்து எடுக்கத்தான் முடியவில்லை. பிறவிக் குறை. மெதுவாக நடக்கலாம், வீட்டு வேலை பார்க்கலாம். முக்கி வேலை செய்தால் தசை கரைந்து கிட்னியைக் கெடுத்துவிடும். வேலைக்கு முன்னால் இனிப்பு ஏதாவது சாப்பிட்டால், அது ரத்தத்தோடு போய்க் கொஞ்சம் கைகொடுக்கும்.

கிளைட்டன் காதில் கடைசிப் பேச்சு மட்டும் ஏறியது.

அதனால் இன்று விடிந்ததும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கருப்பட்டியைக் கடித்தான். கொஞ்சம் பொறுத்து, ஷெர்லின் பார்க்கும்படி தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினான்.

"ஏளா, பாத்தியா? எங்கயாவது பிடிக்குதா?"

"இல்லியே. இரும்பு மாதிரில்லா இருக்கீங்க."

"அப்ப கடலுக்குப் போலாம்லா?"

"போங்களேன். நான் வேண்டாம்னா சொல்லுதேன்?"

கிளைட்டன் இதை எதிர்பார்க்கவில்லை. ராவெல்லாம் யோசித்து வைத்திருந்த சண்டை அத்தனையும் வீண்.

"மீசையை மட்டும் துடைச்சுக்கிட்டுப் போங்க. ஒரே கருப்பட்டி," என்றாள். "அப்புறம், இந்த ஜமுக்காளத்தைப் பிழிய ஒரு கை பிடிங்க. எனக்கு ஒத்தைக்கு முடியல."

ஈர ஜமுக்காளம். அவள் ஒரு முனை, இவன் ஒரு முனை.

"இன்னும் முறுக்குங்க. இரும்புன்னா இவ்வளவுதானா?"

பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். முழங்கை வரைக்கும் சதை கல்லாகிப்போனது. உயிர் போகிற வலி. அந்நேரம் பார்த்து வாசலில் பைக் ஹாரன்.

"ஏலே கிளைட்டா! வாறியா இல்லியா?" ரோச் அண்ணாச்சி.

"ஆளு வந்துட்டாரு. போங்க," என்றாள் ஷெர்லின்.

கிளைட்டன் நகரவில்லை.

"அதைக் கீழ விட்டுட்டுப் போங்க."

"விட... விட வரலளா."

"எப்படி வரும்? இறுக்கிப் பிடிச்சா ரத்தம் ஓட எடமில்ல. கருப்பட்டி எங்கன போய்ச் சேரும்? பிடிக்க மட்டுமில்ல, பிடிச்சத விடுறதுக்கும் தசைக்குத் தெம்பு வேணுமாம். டாக்டரம்மா சொல்லும்போது நீங்க சன்னல் வழியா கப்பல் பாத்துக்கிட்டு இருந்தீங்க." தன் கையிலிருந்த முனையை அவள் கீழே விட்டாள். "கரையில பிடிச்சா நான் நிக்கேன். அடியில பிடிச்சா யாரு நிப்பா?"

வாசலுக்குப் போய் என்னவோ சொன்னாள். பைக் கிளம்பி, கடற்கரை ரோட்டில் திரும்பி, சத்தம் ஓய்ந்தது. இனி அது தனக்காக இந்த வாசலில் வந்து நிற்காது என்று கிளைட்டனுக்குத் தெரிந்தது. கண்ணைத் துடைக்கலாமென்றால் இரண்டு கையும் ஜமுக்காளத்தோடு பூட்டிக் கிடந்தன.

ஷெர்லின் திரும்பி வந்து முந்தானையால் துடைத்துவிட்டாள். அவன் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலை இழுத்து நிமிர்த்தவில்லை. வெயில் முற்றத்துக்கு வந்தபிறகு ஒவ்வொரு விரலாகத் தானே இளகியது. ஜமுக்காளம் நழுவி விழுந்தது.

"சரியாப்போச்சு. கைய விடுளா."

"எனக்கு விடத் தெம்பில்ல," என்றாள் ஷெர்லின்.