'அன்புக் கணவரும்' விதி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு எடுத்துவைத்த அடுத்த பெரிய அடி, போர் நடந்துகொண்டிருந்த 1993இல் நல்லூர் நிவாரண நிலையத்தின் பின்னறையில் நிகழ்ந்தது. எடுத்துவைத்தவர் தரவுப் பொறுப்பாளர் பஞ்சலிங்கம். ஊர் முழுக்க விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் தவித்தபோது, அவருடைய கொம்பியூட்டர் மண்ணெண்ணெய் ஜெனரேட்டரில் ஓடியது. அறிவு வளரவேண்டுமென்றால் சிலபேர் இருட்டில் இருக்கத்தானே வேண்டும்!

விதவைகளுக்கு நிவாரண அட்டை கொடுக்கவேண்டியிருந்தது. வீடுவீடாகப் போய் விசாரிப்பது பழைய முறை, வெயில் வேறு. பஞ்சலிங்கம் பத்திரிகை மரண அறிவித்தல்களை அப்படியே கொம்பியூட்டருக்குள் அடிப்பித்து, ஒரு 'விதி' எழுதினார். 'பிறப்பிடமாகவும்' என்பதற்கு முன்னால் நிற்பது ஊர். 'அன்புக் கணவரும்' என்பதற்கு முன்னால் நிற்பது விதவை. இரண்டையும் வெட்டியெடுத்து, பெயரை முன்னும் ஊரைப் பின்னுமாக ஒட்டினால் அட்டை தயார். ஒரே காலையில் நானூறு விதவைகள்! பெருமையில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

'காலஞ்சென்ற செல்வநாயகியின் அன்புக் கணவரும்' என்று ஓரிடத்தில் இருந்ததால், பத்து வருடத்துக்கு முன்பே போய்ச்சேர்ந்த செல்வநாயகிக்கும் அட்டை வந்தது. சின்ன விடயம். அந்த அம்மா வந்து முறையிடவில்லை.

முறையிட வந்தவள் குருநகர் லூர்த்தம்மா. கணவன் சிமியோன் மீன்பிடிக்கப் போன இடத்தில் துப்பாக்கிச் சூடு விழுந்தது. ஓட்டை விழுந்த வள்ளமும் உடலும் கரைக்கு வந்தன. வீட்டில் மூன்று பிள்ளைகள் பட்டினி.

"அக்கா, உங்கடை பேர் மெசினிலை வரேல்லை."

"நான் முன்னாலை நிக்கிறனே, ஐயா!"

"எனக்கு முன்னாலை நிண்டாப் போதாது. 'அன்புக் கணவரும்' எண்டதுக்கு முன்னாலை நிக்கவேணும். பேப்பரிலை அறிவித்தல் போட்டனீங்களோ?"

"அரிசிக்கே வழியில்லை, அறிவித்தலோ?"

பஞ்சலிங்கம் இரக்கமுள்ளவர். தானே அடித்து, உரத்து வாசித்தும் காட்டினார். "குருநகரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சிமியோன் காலமானார். அன்னார் லூர்த்தம்மாவின் அன்புக் கணவரும்... சரியோ, அக்கா?"

"ஓம், ஐயா. அவரைச் சுட்டவங்கடை பேர் எதுக்கு முன்னாலை நிக்கும்?"

பஞ்சலிங்கம் விதியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அப்படி ஓர் இடமே இல்லை. நானூறு கணவன்மாரும் தாமாகவே 'காலமாகி' இருந்தார்கள்.

"அதையெல்லாம் விட்டாத்தான், அக்கா, அட்டை வரும்."

மூன்று விநாடியில் வந்தது. சுட்டவர்கள் எவ்வளவு பாடுபட்டிருந்தாலும் தங்கள் பெயரை இத்தனை துப்புரவாக அழித்திருக்க முடியாது. பஞ்சலிங்கம் அதை அவர்களுக்கு இலவசமாகவே செய்து கொடுத்தார்.