சுமாரான கேக்

"எனக்குப் பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க," என்றார் வாசலில் நின்ற புது மாப்பிள்ளை.

ஓவன் அக்காவின் கையிலிருந்த முட்டை அடிக்கும் கரண்டி அந்தரத்தில் நின்றது. வீட்டிலேயே கேக் சுட்டு விற்கிற ஆறு வருடத்தில் அந்த வாக்கியத்தை அவர் கேட்டதே இல்லை. எப்படிக் கேட்பார்? அவர் கேக்கை வெட்ட வேண்டாம், கத்தியைக் காட்டினாலே போதும், தானாக விலகி வழிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்தால் பறந்துவிடும் என்பதால்தான் பெட்டியை ரிப்பன் போட்டுக் கட்டி அனுப்புகிறார் என்று தெருவில் பேச்சு. நானும் அதை நம்புகிறவன்.

"கேக்ல என்ன குறை தம்பி? வேகலையா? இனிப்பு பத்தலையா?"

"குறையே இல்லைக்கா. அதான் குறை."

உள்ளேயிருந்து அக்காவின் கணவர் எட்டிப் பார்த்தார். பெட்டி மடிப்பது, ரிப்பன் கட்டுவது, ஓரம் வெட்டிய துண்டுகளைத் தின்று தீர்ப்பது ஆகிய மூன்று இலாகாக்களும் அவரிடம்தான்.

மாப்பிள்ளை ஆர்டர் சீட்டை நீட்டினார். 'ஒரு கிலோ சாக்லேட் கேக். சுமாரா இருக்கணும்.' அடியில் இரண்டு கோடு வேறு.

"விளையாட்டுக்கு எழுதியிருக்கீங்கன்னுல்ல நினைச்சேன்!"

"பொண்டாட்டி பிறந்தநாளுக்கு நானே சுட்டேன்னு சொல்லிக் குடுத்தேன்க்கா. சுமாரா இருந்தா, 'பாவம், கஷ்டப்பட்டிருக்கார்'னு அதோட விட்டிருப்பாங்க. நீங்க சுட்டதைத் தின்னுட்டு மாமனார் கண்ணுல தண்ணி! 'ஜென்மத்துல இப்படிச் சாப்பிட்டதில்லை'ங்கறாங்க மாமியார். வர்ற ஞாயித்துக்கிழமையும் நான் சுடணுமாம். எனக்கு வெந்நீர் வைக்கவே தெரியாது. மாட்டிக்கிட்டா அந்த வீட்டுல என் மானம் என்னாகும்?"

சீட்டில் எழுதியது எழுதியதுதான். அக்கா யோசித்தார். பணத்தைத் திருப்புவதற்குப் பதில் கையைத் திருகிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

"பணம் வேண்டாம் தம்பி. ஞாயித்துக்கிழமைக்கு வேற கேக் தர்றேன். நிஜமாவே சுமாரா. ஒரு வாய் வச்சாங்கன்னா, அப்புறம் உங்களைச் சுடவே சொல்ல மாட்டாங்க."

அந்த வாரம் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தார். கணவர் ஓரத்துண்டைத் தின்றுவிட்டு மடமடவென்று தண்ணீர் குடித்தார். நல்ல சகுனம்.

திங்கட்கிழமை காலை மாப்பிள்ளை வந்தார். முகம் அழுது வடிந்தது.

"இனிப்பு அளவா இருக்காம். மாமனார் தட்டை வழிச்சு நக்கிட்டாரு. அடுத்த வாரமும் உண்டாம்."

"சர்க்கரை குறைச்சலா இருந்தாப் பெரியவங்களுக்குப் பிடிக்கத்தான் செய்யும்," என்று அக்கா தன்னையே நொந்துகொண்டார். "இருங்க, இந்தத் தடவை கருக்கிடுறேன்."

சொல்வது சுலபம். குழந்தையை வெயிலில் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிற தாய் உண்டா? ஓவனிலிருந்து புகை கிளம்பியதும் அக்காவின் கை தானாகக் கதவுக்குப் போயிற்று. கணவர் பின்னாலிருந்து இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க, கருகுது!"

"கருகத்தானே வச்சே!"

மேலே கரி, கீழே கரி, நடுவே துக்கம். அப்படி ஒரு கேக் போயிற்று.

"புகை வாசம் பிரமாதமாம்க்கா," என்று மறுநாள் வந்து மாப்பிள்ளை விசும்பினார். "மச்சினன் ரெண்டாவது துண்டு கேட்டு வாங்கித் தின்னான்!"

மூன்றாவது வாரம் அக்கா தர்மத்தைக் கைவிட்டார். பேக்கிங் பவுடர் கிடையாது. சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் உப்பு. பெட்டியில் வைக்கும்போது கணவர் கை தவறியது. கேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, தரை ஓடுதான் விரிசல் விட்டது.

அதுவும் காலி. ஒரு துணுக்குகூட மிச்சமில்லை.

"இந்தச் சனிக்கிழமை சொந்தக்காரங்க பத்துப் பேரைக் கூட்டிட்டு வர்றாங்க," என்றார் மாப்பிள்ளை ஈனஸ்வரத்தில். "மாமியார் என்கிட்ட 'எப்படித்தான் சுடுறீங்களோ'ன்னாங்க. உடனே என் பொண்டாட்டி 'அதுக்கென்ன, எல்லார் முன்னாடியும் சுட்டுக் காட்டுவாரு'ன்னுட்டா!"

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. அது துக்கமா கர்வமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"ஏங்க, என் கையில கெட்டதே வராதா?"

"கைராசி அப்படி," என்றார் கணவர். "உப்புப் போட்டாலும் தித்திக்குது. நீ என்னடி பண்ணுவே?"

ஒரே வழிதான் பாக்கி. மாப்பிள்ளைக்கே சுடக் கற்றுக்கொடுப்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஏப்ரன் கட்டி நிறுத்தினார்கள். முதல் முட்டையின் ஓடு உள்ளேயும் கரு வெளியேயும் விழுந்தது. இரண்டாவது முட்டை அக்கா கணவரின் சட்டையில். மாவு சலித்ததில் சமையலறையில் பனி மூட்டம். ஒருவரையொருவர் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஓவனிலிருந்து வந்த பண்டத்தைக் கணவரே தொட மறுத்துவிட்டார்.

"ஆகாதுக்கா," என்று மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்தார். "நாளைக்கு உண்மையைச் சொல்லிடறேன். பொய்க்காரன்னு காறித் துப்பட்டும். நீங்க சீட்டுல எழுதின மாதிரி தரலை, அது நியாயந்தானே? நான் குடுத்த பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க."

நியாயம்தான். அக்கா மேஜை டிராயரை இழுத்தார். ஆறு வருடப் பெருமை அதோடு சேர்ந்து கிறீச்சிட்டது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் இருமல் சத்தம்.

"ஐயோ, எங்க மாமனார்!" மாப்பிள்ளை மாவும் ஏப்ரனுமாகச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பாய்ந்தார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர் கைகூப்பி நின்றார்.

"கேக் விஷயத்துல இந்த ஊருலயே நீங்கதான் கைதேர்ந்தவங்கன்னாங்க. ஒரு உதவி கேட்டு வந்தேம்மா. நாளைக்கு எங்க மாப்பிள்ளை எல்லார் முன்னாடியும் கேக் சுடப் போறார். நீங்க வந்து, 'தம்பி, உங்களுக்கு இது சரிப்படாது, விட்டுடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க சொன்னாக் கேட்டுக்குவார்."

அக்கா திகைத்தார். கதவு இடுக்கில் மாவு பூசிய ஒரு காது தெரிந்தது.

"ஏங்கய்யா, ரொம்ப நல்லா சுடுவார்னுல்ல கேள்வி! பத்துப் பேர் ஆசையா வர்றாங்களாமே?"

பெரியவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பத்துப் பேரைக் கூப்பிட்டதே ஆளுக்குக் கொஞ்சமாப் பங்கு போட்டுக்கத்தாம்மா! எங்க வீட்ல யாருக்குமே கேக் பிடிக்காது. தங்கமான மாப்பிள்ளை மனசு நோகக் கூடாதேன்னு முதல் கேக்குல இருந்தே கண்ணை மூடிட்டு முழுங்கிட்டிருக்கோம்!"