செய்றதுதான் செய்றோம்

விடுமுறை மராமத்துக்காரர் என்றொரு இனம் இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கவனிக்காவிட்டாலும் அவர் கிளப்பிய தூசியில் ஒருமுறையாவது தும்மியிருப்பீர்கள். நகரத்தில் வாடகை வீட்டுக் குழாய் ஒழுகினால் கீழே வாளியை வைத்துவிட்டுத் தூங்குகிற இந்த மனிதர், ஊரில் உள்ள பழைய வீட்டு வாசலில் இறங்கியதும் இடுப்பில் கை வைத்து, கண்ணைச் சுருக்கி, கூரையைப் பார்ப்பார். கூரைக்கு அப்போதே சனி பிடித்தது.

வந்த அன்று பூட்டு திறக்காது. எண்ணெய் தேடுவதிலேயே பொழுது சாயும். மறுநாள் இரும்புக்கடை. கடைக்காரருக்கு வீட்டின் வரலாற்றை அஸ்திவாரத்திலிருந்து சொல்லி முடித்துவிட்டு, போன முறை வாங்கி எங்கோ வைத்துத் தொலைத்த அதே ரசமட்டத்தை மறுபடி வாங்கி, அதைப் பழைய சுவரில் வைத்து, குமிழி ஓரத்துக்கு ஓடுவதைப் பார்த்து, "அந்தக் காலத்துல எப்படித்தான் கட்டினாங்களோ" என்று பெருமூச்சு விடுவார். அப்புறம் உடைப்பார். இதில் மட்டும் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. இடிந்த சுவர் முன் நின்று படமெடுத்து உறவினர் குழுவில் போடுவார். சித்தப்பா கைதட்டும் பொம்மை அனுப்புவார். கிளம்பும்போது ஓட்டைக்கு மேல் தார்ப்பாயைக் கட்டிவிட்டு, "அடுத்த லீவுல முடிச்சிடலாம்" என்பார். எந்த வருடத்து லீவு என்று கேட்பது மரியாதையல்ல.

வீட்டைக் கட்டிப் பார் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். பிரித்துப் பார் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்த இனத்துக்கு எங்கள் வீட்டு மாதிரி, என் அண்ணன். அப்பா இறந்தபின் ஊரில் தனியாக இருந்த அம்மா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: குளியலறைக் கதவு ஈரத்தில் ஊதிப்போய்ச் சாத்த வரவில்லை. இழைப்புளி வைத்திருக்கும் எந்தத் தச்சருக்கும் அரைநாள் வேலை. அண்ணன் கதவைக் கழற்றினார். நிலைச்சட்டம் உளுத்திருந்தது. அதைப் பெயர்த்தார். சுவர் ஈரம். சுவரைச் சுரண்டினார். ஈரம் கூரையிலிருந்து வந்தது. ஒவ்வொரு படியிலும் இந்த இனத்தின் மந்திரத்தைச் சொன்னார்: "செய்றதுதான் செய்றோம், இதையும் சேர்த்துச் செஞ்சிடுவோம்." கொத்தனார் தங்கமானவர். உடைக்கச் சொன்னாலும் "ஆகட்டும் சார்". எதற்கு உடைத்தாய் என்று கேட்டாலும் "ஆகட்டும் சார்".

நான் பாலங்களைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். "கதவை இழைச்சா போதும்ண்ணா" என்றேன்.

"உனக்குப் பாலந்தான் தெரியும். பாலத்துக்கு ஏது கதவு?"

மறுக்க முடியாத வாதம்.

அம்மாவை "ஒரு வாரம்" என்று என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அந்த வாரத்துக்குள் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அடங்கின. அம்மா என் வீட்டில் நல்ல விருந்தாளியாக இருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊரில் அவர் பாத்திரம் வைத்தால் தெருமுனை வரை கேட்கும். இங்கே டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தார். விளக்கைப் போடட்டுமா என்று அனுமதி கேட்டார். சாப்பாடு பாதியானது. பேச்சு அதிலும் பாதி.

ஃபோனில் மட்டும் பழைய குரல் வரும்.

"எப்படா முடியும்?"

"மேல ஓடு பிரிச்சாச்சும்மா. இனிமே வேகந்தான்."

"பிரிக்கிறதுல நீ எப்பவும் வேகந்தான். மூடுறது எப்போ?"

"அவசரப்பட்டா வேலை சுத்தமா இருக்காதும்மா. செய்றதுதான் செய்றோம்..."

அம்மா ஃபோனை என் கையில் திணித்தார். "இந்தா, நீயே கேளு. எனக்குக் காது வலிக்குது."

போன விடுமுறைக்கு முதல்நாள் காலை, செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகு அம்மா என்னிடம் சொன்னார், ஊருக்குப் போவதாக.

"வீடு இன்னும் முடியலையேம்மா."

"நானும்தான் இன்னும் முடியல. வர்றியா, நான் மட்டும் போகட்டுமா?"

போனோம். ஓடு ஒருவழியாக மூடியிருந்தது. முன்னறையில் சன்னலோரம் மட்டும் தரைக்கற்கள் பதிக்காமல், பெட்டிபெட்டியாக இடுப்புயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. மறுநாள் அண்ணன் அளவுநாடாவோடு வந்தபோது அம்மா பெருக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பெட்டியெல்லாம் வெளிய எடு. என் கட்டிலைப் போடணும்."

"அங்கயாம்மா?"

"அங்கதான்."

அப்பா கடைசியாகப் படுத்திருந்த இடம் அது. வீட்டில் எல்லாத் தரையும் போட்டாகிவிட்டது, அந்த மூலைக்கு மட்டும் ஒவ்வொரு லீவிலும் ஒரு குறை வந்தது. நிறம் சேரவில்லை. ஈரம் காயவில்லை. எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிற நான், அந்தப் பெட்டிகள் எதைத் தாங்கி நின்றன என்று கணக்குப் போடவே இல்லை.

"தரை மட்டமா இல்லம்மா. அடுத்த லீவுல..."

"உங்கப்பா இந்த மேடுபள்ளத்துலதான் காலம்பூரா தூங்கினாரு. ஒண்ணும் உருண்டு விழல. தூக்கு."

ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் நான். கடைசிப் பெட்டியை வெளியே வைத்துவிட்டு அண்ணன் வாசலிலேயே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் ஒரு குறையுமில்லை. வெகுநேரம் பார்த்தார். உள்ளே அம்மா எதையோ டமாரென்று கீழே வைத்தார்.

நீங்கள் இந்த ரகமில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஊரில் பாதியில் நிற்கிற உங்கள் வேலைக்குத் தக்க காரணம் இருக்கும். ஆள் கிடைக்கவில்லை, மணல் சரியில்லை, மழை. எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ஒரே ஓர் அறை மட்டும் ஏன் எப்போதும் மிச்சமிருக்கிறது என்று யாராவது கேட்டால், கொஞ்சம் தடுமாறிவிட்டுப் பதில் சொல்லுங்கள். சட்டென்று பதில் வருகிறவர்களைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் எழுதிக்கொண்டிருந்தேன்.