முகத்தில் இருந்த அரசுச் சொத்து

அவரவர் முகம் அவரவருக்குச் சொந்தம் என்றுதான் கனிமொழி நினைத்துக்கொண்டிருந்தாள். வருவாய்த் துறைக்கு அந்த விஷயத்தில் வேறு கருத்து இருந்தது.

சென்னைப் புறநகர் முத்தாபுதுப்பேட்டையில் அடுக்குமாடி வீடு. சொந்த ஊர் தென்காசி, வேலை ஐ.டி., கன்னம் நிறையப் பரு. அன்று சாயங்காலம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா ராணி, போட்டோ பார்த்த அன்றைக்கே, "முகத்துல என்ன, கொசு கடிச்சிருக்கா?" என்று கேட்டவள். அதிலிருந்து கனிமொழிக்குச் சோறு இறங்கவில்லை. கரித்தூள் ஃபேஸ்வாஷ் போட்டாள், சீரம் தடவினாள், வேப்பிலை அரைத்துப் பூசினாள், டூத்பேஸ்ட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. வைத்தியத்துக்கு ஒன்று வீதம் புதிதாகப் பரு வந்தது. தோல் டாக்டரிடம் போயிருக்கலாம்தான். ஆனால் அவர் வெறுமனே மருத்துவம் படித்தவர், ரீல்ஸ் போடத் தெரியாதவர், அவரை யார் நம்புவது?

அந்த மாதத்து நாகரிகம் ஏரி மண். குடியிருப்புக்குப் பின்னால் பழைய ஊர்க்காரர் நாகேந்திரன், பயிர் வைத்த நிலமெல்லாம் பிளாட் ஆனபிறகு, ஏரி மண்ணை டப்பாவில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார். "சுத்தமான இயற்கைம்மா, கெமிக்கலே கெடையாது" என்பார். அவர் மட்டும் கடைச் சோப்புதான் போடுவார். கனிமொழி மதியம் அதை அப்பிக்கொண்டு, பேரும் ஊரும் சொல்லி ஒரு ரீலும் போட்டாள். அங்கேதான் சனி பிடித்தது.

மண் காய்வதற்குள் கதவு தட்டப்பட்டது. கிராம நிர்வாக அலுவலர் ரவிச்சந்திரன் நின்றிருந்தார். அரசாங்கம் இவ்வளவு வேகமாக வந்ததை அந்தக் குடியிருப்பு அதற்கு முன் பார்த்ததில்லை.

"அரசு ஏரியிலிருந்து அனுமதிச் சீட்டு இன்றிச் சிறுகனிமம் எடுத்து, மேற்படி கனிமத்தைத் தங்கள் முகத்தில் இருப்பு வெச்சிருக்கீங்க. ஆதாரம் இருக்கு." அவளுடைய ரீலையே போனில் காட்டினார். அதற்கு லைக்கும் போட்டிருந்தார்.

வாய் திறந்தால் மண் வெடித்துவிடும் என்று கனிமொழி கண்ணை மட்டும் உருட்டினாள். அம்மா சித்ராதான் பேசினாள்.

"ஐயா, ரெண்டு கரண்டி மண்ணுய்யா!"

"அளவு முக்கியமில்லம்மா. கடத்தல்னா, ஏத்தின வண்டியையும் பறிமுதல் பண்ணணும். இங்க வண்டி..." அவர் கனிமொழியின் முகத்தைப் பார்த்துச் சற்று யோசித்தார். "பாப்பா, நகராதீங்க."

அப்போது கீழே ஏரி மண் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று ஜன்னல் அதிரப் போயிற்று. சித்ரா கையை நீட்டினாள்.

"அப்ப அது?"

"நம்பர் பிளேட்டுல மண்ணு அப்பியிருக்கும்மா, படிக்க முடியல. மேலேருந்து இந்த மாசம் ஒரு கேஸ் கேட்டிருக்காங்க. உங்க பொண்ணு பேரு, ஊரு எல்லாம் தெளிவாச் சொல்லியிருந்துச்சு."

"கழுவிடுதோம், விட்ருங்க."

"கழுவினா தடயத்தை அழிச்ச குற்றம். கனிமவளத் துறை ஆள் வந்து அளக்கணும். திங்கட்கிழமை வருவார்."

"திங்கக்கிழமையா! இன்னைக்கு எனக்கு நிச்சயம் சார்!" கனிமொழி அலறியேவிட்டாள். மூக்கோரத்தில் அரசுச் சொத்து ஒரு துண்டு உதிர்ந்தது. ரவிச்சந்திரன் அதைப் பொறுக்கி உறையில் போட்டுக்கொண்டார்.

நாகேந்திரனை வரவழைத்தார்கள். அவர் அசரவில்லை.

"கழுவிவுட்டா மண்ணு எங்க சார் பூடும்? இந்த ஃபிளாட்டுத் தண்ணி அல்லாம் குழாய் வழியா அந்த ஏரிக்குத்தான் பூது. குளிக்கிறது, தொவைக்கிறது, கக்கூசு, அல்லாமே. எட்த்த எடத்துக்கே திரும்பிடுது. கவர்மெண்டுக்கு இன்னா நஷ்டம்?"

ரவிச்சந்திரன் முகம் மலர்ந்தது. 'கனிமம் தோன்றிய இடத்திலேயே மீள ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏரியில் கழிவுநீர் விடுவதைப் பற்றிச் சித்ரா கேட்டதற்கு, அது வேறு துறை என்றார்.

"எல்லாமேன்னா... எல்லாமேவா?" என்றாள் கனிமொழி. பதிலுக்குக் காத்திராமல் ஓடி, சோப்பு தீரும்வரை முகத்தைத் தேய்த்தாள். சிவந்து வீங்கிய கன்னத்தை மேக்கப்பால் மூடி, பட்டுப்புடவையில் சபைக்கு வந்தாள். ஒப்படைப்பை மேற்பார்வையிட்ட ரவிச்சந்திரன் அப்படியே பந்திக்கும் இருந்துவிட்டார்.

ராணி அவள் முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தாள். ராணியின் தாடையிலும் பவுடருக்கு அடியில் பரு வரிசை கட்டியிருந்தது. சீர்த்தட்டில், வாழைப்பழத்துக்கும் புடவைக்கும் நடுவிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள்.

"இது கள்ளிக்குப்பத்துல எங்க ஃபிளாட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஏரி மண்ணும்மா. நாகேந்திரன்னு ஒருத்தர், நம்பிக்கையான ஆளு, அவர்தான் எடுத்துத் தர்றார். எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு, இனிமே எங்க ஏரி மண்ணுதான் பூசணும்."

கனிமொழிக்கு நாகேந்திரன் சொன்ன குழாய் ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அரசாங்கம் தலையிட வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டு ரவிச்சந்திரனைப் பார்த்தாள். அவர் பாயச டம்ளரை இறக்கி வைத்தார்.

"கள்ளிக்குப்பம் என் எல்லையில வராதும்மா."

"ஏட்டி, சிரிச்சுக்கிட்டே வாங்கு, வீடியோ எடுக்காவ" என்று சித்ரா இடுப்பில் கிள்ளினாள்.

கனிமொழி இரண்டு கையாலும் டப்பாவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சபையே கைதட்டியது. சாப்பிட்டுக் கிளம்பும்போது பாதிப் பேர் ராணியிடம் நாகேந்திரனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள்.