ஒரு டம்ளர் தண்ணீரால் நான் இழந்தவை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நலம். நீங்களும் உங்கள் வீட்டாரும், கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட என் மனைவியும் நலமாயிருக்க விழைகிறேன். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லுங்க, அடுத்த வண்டியில வர்றேன்" என்று உங்கள் தங்கை சொல்லியனுப்பினாள். இது அந்தக் கடிதம் அல்ல. இது புகார்.

அன்று வேலை முடிந்து நேரே வந்து, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் அலுவலகத்து அநியாயங்களை நான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "மாப்பிள்ளை, இது கோபமில்ல, தாகம். ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். "உங்க வீட்டுத் தண்ணியக் குடிக்கறதுக்கு நாக்கு வறண்டே சாகலாம்" என்றேன். படித்தும் பட்டும் சேர்த்த கோபத்தை ஒரு டம்ளரில் கரைக்கப் பார்த்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நான் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் உண்டு. கட்டட வரைபடம் போடும் எங்கள் அலுவலகத்தில் கழிப்பறைச் சாவி மேலாளரின் மேசைமேல் இருக்கும். அவர் என்னிடம் அளவுகோல் பிடிக்கக் கற்றவர். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். அவர்முன் போய்ச் சாவிக்குக் கை நீட்டுவதா? அவர் அதில் உட்கார்ந்த நாள்முதல், வீடு திரும்பும்வரை நான் சொட்டுத் தண்ணீர் தொடுவதில்லை. மதியத்துக்குமேல் தலை வலிக்கும், கோடுகள் நெளியும், யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். அதைக் கொள்கை என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் ஒரு மாடி வீட்டுக்கு வரைபடம் போட்டேன். மேலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, மேல எப்படிப் போறது?" என்றார். படிக்கட்டே இல்லை. "றெக்கை கட்டிக்கிட்டுப் போ" என்றேன். "மொகமே காஞ்சு கெடக்குண்ணே, மொதல்ல இதக் குடிங்க" என்று தம் பாட்டிலை நீட்டினார். உங்கள் வசனமேதான்! எல்லாரும் பேசிவைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அப்போதே புரிந்தது. என் கோபம் தாகம் என்பது பொய் என்று காட்டுவதற்காகவே குடித்தேன். மறுநாளும் குடித்தேன். வேறு வழியின்றிச் சாவியும் கேட்டேன்.

விளைவைக் கேளுங்கள். தலைவலி போயிற்று. படிக்கட்டு தானாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அத்தோடு நின்றதா? எதிர்வீட்டுக்காரர் வணக்கம் சொன்னார். நானும் சொல்லித் தொலைத்தேன். வீட்டுக்குள் வந்தபிறகுதான் அவரோடு நான் பேசுவதில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஏன் என்பது இன்னும் வரவில்லை. மேலாளர் சொன்ன ஒரு நகைச்சுவைக்குச் சிரித்தேன். அது நல்ல நகைச்சுவைகூட இல்லை. கை நிறையப் பகை வைத்திருந்தவனை இப்படி ஓட்டாண்டியாக்கிவிட்டீர்களே! இனி இந்த வயதில் முதலிலிருந்து சேர்க்க முடியுமா?

ஆகவே, உங்கள் மேலுள்ள கோபமாவது தப்பட்டும் என்று, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இதை எழுதுகிறேன். மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் தங்கை தனக்குத் தோன்றும்போது வரட்டும்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, அவர்கள் உங்களைப்போல் வளராதிருக்க.

இப்படிக்கு,
வறண்ட தொண்டையுடன்,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்ட நாக்கில் ஈரமில்லை. அதற்காக ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன். விரலை நனைத்தது போக மிச்சத்தைக் குடித்துத் தொலைத்தேன். கடிதத்தைத் திரும்பப் படித்தால் எழுத்து எல்லாம் இருக்கிறது, கோபத்தைத்தான் காணவில்லை. அன்று நான் சொன்னது தப்பு, மச்சான். அவள் சிரித்த சிரிப்பும் நல்ல சிரிப்புதான்; இந்த வீட்டில் அதைக் கேட்டு நாளாயிற்று. அடுத்த வண்டியில் ஏற்றிவிடுங்கள். வழியில் குடிக்கப் பெரிய பாட்டிலாகக் கொடுத்தனுப்புங்கள். என்மேல் அவளுக்கு இருக்கும் கோபம் சின்ன பாட்டிலுக்கு அடங்காது.